பழுது லைனில் நின்ற வேகன்

பகல் ஷிப்ட் எனக்கு வசதி, ஐயா. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது எங்கள் சமண வீட்டு வழக்கம். காலை பாசஞ்சரில் காஞ்சிபுரத்திலிருந்து ஜங்ஷனுக்கு வருவேன். கூட்ஸ் யார்டில் வேகன்களுக்கு லேபிள் எழுதிச் சொருகுவேன். சாயங்கால வண்டியில் பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். எந்த வேகன் எங்கே போகும் என்பது அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. எழுதியதை யாரும் மறுபடி கேட்பதில்லை.

என் அப்பா அப்பாண்டை நயினார் அதே யார்டில் வேகன் கதவுகளுக்கு ஈய சீல் வைப்பவர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். அறுபத்தெட்டு ஐப்பசியில், பெங்களூரிலிருந்து வந்த பட்டுநூல் சிப்பம் ஒன்று வேகனிலிருந்து காணாமல் போயிற்று. எங்கள் தெருத் தறிகளுக்கு வந்த நூல். அப்பா அதைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்ததாகக் காவலாளி கலியன் சாட்சி சொன்னான். விசாரணையில் அப்பா மறுக்கவில்லை. வாசலில் நின்றிருந்த என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார்.

வேலை போயிற்று. நூல் வராமல் தெருவில் மூன்று தறி நின்றது. அப்பாவை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அவர் நடந்து போனால், பாவு நீட்டிக்கொண்டிருப்பவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஒருநாள் வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறு நாள் ஒரு கவளம் வாங்கவில்லை. பதினேழாம் நாள் காலையில் போய்விட்டார்.

கலியன் வெற்றிலை மென்றபடி யார்டில் எப்போதும் போல உலாத்திக்கொண்டிருந்தான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நான் அவசரப்படவில்லை. அக்னி நட்சத்திரம் வரட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தேன். ஒருநாள் பதினொரு மணிக்கு, மூடு வேகன் ஒன்றில் மூட்டை பிரிந்து கிடக்கிறது என்று அவனைக் கூப்பிட்டேன். “எங்கபா, உள்ள இருட்டா இருக்குது” என்றபடி ஏறினான். கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டி, அப்பா வைப்பது போலவே சீல் வைத்தேன். லேபிளில் பழுது என்று எழுதினேன். ஷண்டிங் இன்ஜின் வந்து அதை யார்டின் கடைசியில் இருக்கும் பழுது லைனில் தள்ளிவிட்டுப் போயிற்று. அவன் தட்டத்தான் தட்டினான். யார்டில் நாள் முழுக்க இரும்பு மோதுகிற சத்தம், அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

சாப்பாட்டு வேளையில் போய் வேகன் நிழலில் உட்கார்ந்தேன்.

“ஜினகுமாரு, நீயாபா? கதவு மாட்டிக்கிச்சு. தண்ணி வேணும்பா.”

“மாட்டிக்கல. நான்தான் சாத்தினேன்.”

உள்ளே தட்டுவது நின்றது.

“உங்கப்பா விஷயமா?”

“ஆமா.”

“நான் பொய் சொல்லலபா. முதுகுதான் தெரிஞ்சுது. காக்கிச் சட்டை, தோள்ல நீலத் துணி ஒட்டு. உங்கப்பா சட்டைதான அது? மனசறிஞ்சுதான் சொன்னேன்.”

டப்பாவைத் திறந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டேன்.

மறுநாள் அவன் மனைவி மணியம்மாள் தேடிக்கொண்டு வந்தாள். கூரம் கிராமத்துக்குப் போவதாகச் சொன்னார் என்றேன். வெயிலில் முகம் வாடியிருந்தது. என் கூஜாவிலிருந்து தண்ணீர் கொடுத்தேன். “நல்லா இருப்பா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் பலகையைக் கீறுகிற சத்தம்தான் கேட்டது. நாலாம் நாள் அதுவும் இல்லை. நான் அவன்மேல் கை வைக்கவில்லை, ஐயா. உயிர்க்கொலை எங்கள் மதத்தில் கிடையாது. கதவைச் சாத்தினேன். வெயில் அடித்தது.

சிப்பம் எங்கே என்கிறீர்கள். யார்டில் பழைய விளக்கு அறை ஒன்று இருக்கிறது. அங்கே கோணிகளுக்கு அடியில் நான் வைத்தபடியே இருக்கும். யாரிடம் விற்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அன்று என் சட்டை காயவில்லை, அப்பாவுடையதைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

ஆனால் முகத்தைப் பார்க்காமல் ஒரு நல்ல மனுஷனைத் திருடன் என்று சொல்லலாமா? அப்பாவைக் கொன்றவன் கலியன்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.