மேடையில் சொன்ன சாட்சி

வடசேரியிலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகிற பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஐம்பது வயதை ஒட்டிய இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவள் சொன்னதைக் கேட்டதும் போனை மடியில் வைத்துவிட்டேன்.

“எனக்க தங்கச்சி மேடையில நின்னு, எனக்கு சுகமாகல்லன்னு மைக்குல பறஞ்சிட்டா ஏட்டி.”

“சுகமளிக்கிற கூட்டத்துலயா? அந்த போலியோ காலு உள்ளவளா?”

“அவதான். ஊழியக்காரர் ஜெபிச்சு முடிச்சதும் ரெண்டு பேரு கைத்தாங்கலா மேடையில ஏத்திட்டாவ. ‘கால் சுகமாச்சுன்னு சாட்சி சொல்லு மகளே’ன்னு அவரு மைக்க நீட்டினாரு. கீழ எங்க சபைக்காரங்க எல்லாம் அல்லேலூயான்னு ஒரே சத்தம்.”

“ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கியிருக்கலாமே மக்கா.”

“அதைத்தான் எல்லாரும் கேக்காவ. அவ சொன்னா, ‘எனக்க காலு பழையபடிதான் இருக்கு. இயேசு எனக்க இரட்சகர். அவருக்க பேரைச் சொல்லிப் பொய் பறைய எனக்கு முடியாது.’ கூட்டம் கப்சிப்.”

“பொறவு?”

“மைக்க பிடுங்கிட்டாவ. விசுவாசம் இல்லாதவள்னு சொல்லி, இனி ஞாயிறு பள்ளியில பாடம் எடுக்க வரண்டாம்னுட்டாவ. பதினஞ்சு வருசம் எடுத்தவளாக்கும். ஒரு சொட்டு கண்ணீர் விடல்ல.”

மற்றவள் மெதுவாகக் கேட்டாள்.

“அவ்வளவு பேருக்கு முன்னால ஒனக்கு வெக்கமா இருந்திருக்குமே?”

“வெக்கமா? எல்லாரும் இருக்கையில நான் ஒருத்தி எழும்பி நின்னேன். ‘அது எனக்க தங்கச்சியாக்கும்’னு சுத்தி இருந்தவங்களுக்கெல்லாம் கேக்க சொன்னேன்.”