ஆயில்யம் முடியும் வரை

நேரம் தவறுவது எனக்குப் பிடிக்காது. நீங்கள் பத்து மணிக்கு வரச் சொன்னீர்கள். ஒன்பதே முக்காலுக்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் கலாதேவி, நீங்களும் தமிழ்ப்பெண் என்பதால் நட்சத்திரம், பஞ்சாங்கமெல்லாம் விளக்க வேண்டியதில்லை. நல்லதாகப் போயிற்று.

என் மருமகள் நித்யகல்யாணி நல்ல பெண்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். மூத்த பேரன் அழகுவை வயிற்றை அறுத்து எடுத்தார்கள். அறுக்க வேண்டிய அவசியமே இல்லை. திருவோணத்தில் பிறக்கட்டும் என்று நான்தான் டாக்டரிடம் நேரம் கொடுத்தேன். பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது என்று அவளிடம் சொல்லிவைத்தேன். அதை அவள் இன்றுவரை நம்புகிறாள்.

இரண்டாவது சுகப்பிரசவமாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நாங்கள் போகும் தனியார் ஆஸ்பத்திரியில் மறுத்துவிட்டார்கள். ஒருமுறை கத்தி பட்ட வயிற்றுக்கு அங்கே சுகப்பிரசவம் பார்ப்பதில்லையாம். வலி கண்டால் உடனே வர வேண்டும், வந்ததும் அறுவைதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து கவனித்துப் பார்ப்பார்கள், அங்கே போகிறேன் என்றாள். "நம்ம வீட்டுப் பொண்ணு அங்கன போயி வரிசையில நிக்கிறதா?" என்று அந்தப் பேச்சை முடித்துவைத்தேன். ஸ்கேனில் பெண் பிள்ளை. அஸ்த நட்சத்திரத்தில் அறுவைக்கு நாள் குறித்தேன்.

வலி அதற்கு முன்பே, ஒரு விடியற்காலையில் வந்துவிட்டது. நாள்காட்டியைப் பார்த்தேன். ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது. பெற்றவள் உயிரோடிருக்கும் எந்தப் பையன் வீட்டில் அவளைக் கேட்டு வருவார்கள்? ஆயில்யம் போனால் மகம். மகம் ஜெகத்தை ஆளும். பதினொன்றரை வரை ஆயில்யம் என்று போட்டிருந்தது. பஞ்சாங்கத்தில் இருப்பது இந்திய நேரம். நமக்கு இரண்டரை மணி கூட்ட வேண்டும். கல்யாணமாகிக் கடல் தாண்டி ஈப்போவுக்கு வந்த நாளிலிருந்து நான் போடும் கணக்கு அது. ஆக, மதியம் இரண்டு மணி.

அவளை அடைத்துவைத்தேன் என்று அவள் பிறந்த வீட்டார் சொல்கிறார்களாம். பொய். அவளே சம்மதித்தாள். "இப்பப் போனா கத்தியத் தூக்கிருவாக. தல எறங்குற வரைக்கும் வீட்ல இரு. அப்புறம் அவுகளால ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என் பக்கம் நிப்பீங்கன்னு நெனக்கவே இல்ல அயித்தை."

அந்தச் சொல் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

பத்து மணிவாக்கில் மனம் மாறினாள். பழைய தழும்பில் சுருக்கென்று வலிக்கிறது, போய்விடலாம் என்று அழுதாள். டிரைவர் மாயாண்டி வாசலில் வந்து நின்றான். "ஆச்சி, அக்காவுக்கு முடியலலா. காடிய எடுக்கட்டா?" என்றான். ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டிய கமுந்திங்கில் ஒரு பார்சல் இருக்கிறது, எடுத்து வா என்று அனுப்பிவைத்தேன். அவள் போனை அரிசிப் பானைக்குள் வைத்தேன். தெலுக் இந்தானுக்கு வேலையாகப் போயிருந்த என் மகன் ராம் கூப்பிட்டபோது, அவள் தூங்குகிறாள் என்றேன். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழியை உடைக்க எனக்கு மனமில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரே ஒரு தடவை கத்தினாள். அதோடு வலி நின்றுவிட்டது. தெய்வம்தான் நிறுத்திவைத்தது என்று விளக்கேற்றினேன். அவள் வெளுத்து, வேர்த்துக் கிடந்தாள்.

"புள்ள அசையல அயித்தை."

"தூங்குது" என்றேன்.

இரண்டு மணிக்கு நானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஒரு நிமிடம் பிந்தவில்லை.

தழும்பு பிளந்து பிள்ளை கர்ப்பப்பைக்கு வெளியே வந்து கிடந்தது என்றார்கள். உயிரில்லாமல் எடுத்தார்கள். கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். நித்யகல்யாணி பிழைத்துக்கொண்டாள், என் முகத்தில் விழிப்பதில்லை. பன்னிரண்டுக்குள் கொண்டுவந்திருந்தால் பிள்ளையும் பிழைத்திருக்கும் என்கிறார் டாக்டர். வந்ததும் அறுப்போம் என்று அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் சட்டம் போடாமல் இருந்திருந்தால், அவள் என் பேச்சைக் கேட்டு வீட்டில் இருந்திருக்கவே மாட்டாள். அதை மட்டும் யாரும் எழுதிக்கொள்வதில்லை.

நேற்று ராம் அந்த நாள்காட்டியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். வருடாவருடம் ஊரிலிருந்து வரும் காரைக்குடிப் பஞ்சாங்கம் இந்த வருடம் வந்து சேரவில்லை. இது ஈப்போவில் கோயிலில் கொடுத்தது.

"இது நம்ம ஊரு நேரம் ஆத்தா. அவங்களே கூட்டித்தான் அச்சடிச்சிருக்காங்க. பதினொன்னரைக்கே ஆயில்யம் முடிஞ்சிருச்சு" என்றான்.

பதினொன்றரைக்கு அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். பிள்ளை நன்றாக உதைத்துக்கொண்டிருந்தது.

ஆமாம், பிடித்துவைத்தது நான்தான். மருமகள் கெஞ்சியதும் உண்மை. இரண்டரை மணி நேரம் தப்பாகக் கூட்டினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அம்மா, எந்தக் கணக்கில் பார்த்தாலும் என் பேத்தி பிறந்தது மகத்தில்தான்.