கருப்பு ஷூவுக்குள் ரஷ்யப் பாட்டு

காலையில் மாதனூரில் ஷூ கம்பெனி பஸ் ஏறினேன். உள்ளே டிரைவர் இருந்தார். தையல் பிரிவுப் பெண்கள் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன் சீட்டில் பேக்கிங் ஆள் ஒருவன், பக்கத்தில் அவன் தோஸ்த்.

"பாடினதுக்கு வேலைய புடுங்கிட்டாங்களாம். இப்ப பாய்லருக்கு கரி போடறாராம்," என்றான் பேக்கிங் ஆள்.

"நம்ம பாய்லர் மாமாவா? அவருக்கு இன்னாத்துக்குடா பாட்டு?"

"அவரு இல்லடா, ரஷ்யாவுல ஒரு பாட்டுக்காரரு. கிடார் வச்சிக்கினு கவர்மென்ட்ட திட்டி பாடுவாராம். சரக்கு செக் பண்ண வந்தாரே ரஷ்யாக்காரரு, அவருதான் அந்தப் பாட்டு கேசட்ட எனக்கு குடுத்தாரு. 'எங்க ஊர்ல மாட்டினா எனக்கு ஜெயிலு, நீ பத்திரமா வை'ன்னாரு."

"வச்சியா?"

"கேட்டுல வாட்ச்மேன் பையத் துழாவுவானே. அதான் நேத்து ஒரு ஷூவுக்குள்ள சொருகி, டப்பாவ மூடி வச்சேன். டீ குடிச்சிட்டு வர்றேன், டப்பாவ லாரில ஏத்திட்டானுங்க."

"எந்த ஊர் லாரி?"

"ஹார்பருக்கு. அங்கேர்ந்து ரஷ்யாவுக்கு. இன்னிக்கு ஒம்போது மணிக்கு கெளம்புது."

"அடப்பாவி! கேசட்டு அவருதுன்னு யாருக்குத் தெரியப்போவுது?"

"ஞாபகத்துக்குன்னு தன் பேர மேல எழுதி குடுத்தாரு."

தோஸ்த் தலையில் கை வைத்துக்கொண்டான். "சரி, தேடிடலாம். எந்த டப்பா?"

"கருப்பு ஷூ. எட்டாம் நம்பர் சைஸ்."

"அது எத்தினி டப்பா இருக்கும்?"

"ஆயிரத்து இருநூறு."