பதினோராம் தெரு வளைவு

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, ஐயா. பத்து நிமிடம் நின்றால் ஒற்றைத் தலைவலி பிடித்துக்கொள்ளும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சொல்கிறேன்.

எரிவாயு நிறுவனத்தின் வரைபடப் பிரிவுக்கு நான் பொறுப்பு. தரைக்கு அடியில் குழாய் எங்கே ஓடுகிறது என்று அளந்து கணினியில் ஏற்றுவது என் வேலை. தோண்டுகிறவர்களின் டேப்லெட்டில் அது சிவப்புக் கோடாகத் தெரியும். அளப்பதற்கு ஒரு கம்பு உண்டு. அதைக் குழாயின் மேல் ஐந்தடிக்கு ஒருமுறை ஊன்றி, செயற்கைக்கோள் சரியான இடத்தைச் சொல்லும்வரை அசையாமல் நிற்க வேண்டும்.

பதினோராம் தெருவில் இரண்டு முனைகளில் மட்டும் நின்றேன். நடுவில் உள்ளதை ஜீப்பில் ஏசி போட்டுக்கொண்டு ஒரே கோடாக இழுத்தேன். குழாய் நேராகத்தானே போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது ஒரு மரத்தைச் சுற்றி வளைந்து போயிருக்கிறது. மரத்தை எப்போதோ வெட்டிவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து, போன மாதம், புது இணைப்புக்காக அங்கே தோண்டினார்கள். பொக்லைன் ஓட்டியவன் என் மைத்துனன், மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். காலை பதினொரு மணிக்குப் போனில் கூப்பிட்டான்.

"மாமா, இங்க பழைய மரத்தோட வேர் தட்டுப்படுது. கோடு தள்ளித்தான் இருக்கு, ஆனா மனசு ஒப்பல. ஆள விட்டு கையால தோண்டிப் பாக்கட்டுமா?"

"மேப் போட்டதே நான்தான்டா. எங்கிட்டயே சந்தேகமா? மெஷின விடு."

சிரித்துவிட்டுப் போனை வைத்தான். பத்து நிமிடத்தில் குழாய் கிழிந்து தீப்பிடித்தது. தெருமுனையில் தையல் கடை வைத்திருந்த பெண் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மைத்துனனுக்கு இரண்டு கைகளும் வெந்துபோயின.

நான் முதலில் செய்தது வரைபடத்தைத் திருத்தியதுதான். உடைந்த குழாயைப் பார்த்தவர்கள் அனுப்பிய அளவை வைத்து வளைவைப் போட்டேன். தவறான கோடு அப்படியே கிடந்தால் இன்னொரு உயிர் போகும் அல்லவா? அளவெடுத்த தேதி என்ற இடத்தில் மட்டும் பழைய தேதியையே இருக்க விட்டேன்.

மைத்துனனுடைய டேப்லெட்டில் பழைய கோடு இருந்தது. இணையத்தில் இணைக்காதவரை அது மாறாது. மருத்துவமனையில் என் மனைவியே அதை அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"உங்க ஆபீஸ் சாமான்தானே, பத்திரமா வச்சிருங்க. நீங்க இல்லன்னா தம்பிக்கு யாரு இருக்கா?"

வராந்தாவில் சார்ஜ் போட்டேன். இணைத்தேன். புதுக் கோடு வந்ததும் உங்கள் விசாரணை அலுவலகத்தில் நானே ஒப்படைத்தேன். வாங்கி வைத்துக்கொண்டது நீங்கள்தான். வெட்கத்தில் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

நேற்று அந்த டேப்லெட் திரையை அவனுக்குக் காட்டி, வழக்கு அவன்மேல்தான் வரும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நீங்கள் போனதும் அவன் என் பக்கம் திரும்பினான்.

"கோடு நேரா இருந்துச்சுன்னுதான் நெனச்சேன், மாமா. வளைஞ்சுதான் இருந்திருக்கு. நீங்க போன்ல சொன்னதுகூட நானா நெனச்சுக்கிட்டேனோ என்னவோ. ஒரு பொம்பளய கொன்னுட்டேன். உங்க பேரையும் கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

தன் கண்ணைவிட என் கோட்டை நம்பினான், இரண்டாவது முறையாக. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

"விடுடா. மன்னிச்சுட்டேன்" என்றேன்.

அந்த நேரம் எனக்கு அவன்மேல் உண்மையிலேயே கோபம் இல்லை, ஐயா.