நாளைக்கு யார் ஜடை பின்னுவது

"மிஸ், நாளைலேர்ந்து என் பொண்ணுக்கு நீங்க ஜடை பின்னாதீங்க."

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில், முன் சீட்டில் கேட்டது இது. உடனே இயர்போனைக் கழற்றிவிட்டேன். சொன்னவள் செம்பரம்பாக்கம் குடோன் ஒன்றின் சீருடையில் இருந்தாள். பக்கத்தில் இருந்த மிஸ், பள்ளிக்கு வராத பிள்ளைகளை வீடு தேடிப் போய் அழைத்து வருகிறவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ஜடை பின்னிக்கிட்டே பேசினாதான்க்கா அவ கிளம்புறா."

"எனக்கு லீவு வர்ற அன்னிக்குப் பாக்கறனே, நான் எழுப்பினா போர்வைய இழுத்துகினு படுக்கறா. நீங்க வர்ற ஆட்டோ சத்தம் கேட்டா சீப்போட வாசல்ல குந்திகினு கீறா."

"நீங்கதான் விடிகாலைலயே ஷிஃப்ட்டுக்குப் போயிடறீங்களே."

"நேத்து வரமாட்டேன்னு முன்னாடியே சொல்லிட்டீங்க. லீவு போட்டுகினு நானே பின்னி உட்டேன். மிஸ் பின்ற மாதிரி இல்லன்னு அவுத்துட்டா. ஸ்கூலுக்கும் போவல."

மிஸ் சற்று யோசித்தார். "சரிக்கா. நாளைக்கு நான் வரல. நீங்களே அனுப்பிடுவீங்களா?"

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வாங்க மிஸ். நீங்களே பின்னுங்க. ஆனா இம்மாம் அழகா வாணாம். கொஞ்சம் கோணலா பின்னுங்க."