கொள்ளி வைத்த பிள்ளை

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வழியாகத் துறைமுகம் போகும் ரயிலில், எனக்கு எதிரே புது வேட்டியும் தகரப்பெட்டியுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இளைஞரிடம் அவர் பேசியது பெட்டி முழுக்கக் கேட்டது.

“எனக்குக் கொள்ளி வச்சாச்சு தம்பி!”

“என்னண்ணே சொல்றீங்க?”

“வருஷக்கணக்கா தகவலே இல்லைன்னு, ஊர்ல தர்ப்பையில என்னை மாதிரி பொம்மை செஞ்சு எரிச்சுட்டாங்க. எம்மவன்தான் மொட்டையடிச்சுக் கொள்ளி வச்சானாம். போன மாசம் ஊர்க்காரன் ஒருத்தன் இங்க கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல என்னைப் பாத்துட்டு, பேய்னு அலறினான். அப்பதான் எனக்கே தெரியும்!”

“அப்போ ஊர்ல உங்க பேர்ல இருந்த நிலம்?”

“மவன் பேருக்கு மாறிடுச்சு.”

“அதைத் திரும்பக் கேக்கத்தான் ஊருக்குக் கப்பலேறுறீங்களா?”

“எப்படிப்பா கேக்குறது? கருமாதி முடிஞ்சவன் திரும்பி வந்தா, தொட்டில்ல போட்டு, புதுசாப் பேர் வச்சுத்தான் வீட்டுக்குள்ள விடுவாங்க. நான் இப்பப் பொறக்கப்போற பிள்ளை. அவன்தான் எனக்கு மூத்தவன். அவனாப் பாத்துக் குடுத்தாதான் எனக்குப் பங்கு!”

இருவரும் சிரித்ததில் கிள்ளான் பாலம் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

“உங்க சம்சாரம்?” என்றார் இளைஞர்.

பெரியவர் மடியை அவிழ்த்தார். மஞ்சள் துணிக்குள் புதுத் தாலி.

“அவ தாலியைக் கழட்டிட்டாளாம். திரும்பவும் கட்டணும். போன தடவை அவ அப்பாவைக் கேட்டுக் கட்டினேன். இந்தத் தடவை அவளையே கேக்கணும்.”