எல்லோருக்கும் ஒன்று

எட்டுப் பேருக்கும் ஒரே நீலத்தில் செருப்பு வாங்கிக் கொடுத்தது நான்தான். அதற்கு முன் தினமும் செருப்புச் சண்டை. "அவளுக்கு மட்டும் புதுசா?" என்று விடிந்ததுமே ஆரம்பித்துவிடுவார்கள். நீலச் செருப்பு வந்த அன்றோடு சத்தம் அடங்கியது, மேடம்.

சின்ன வயதிலிருந்தே என் சுபாவம் அப்படி. வரிசையில் ஒன்று பிசகினால் இருப்புக்கொள்ளாது. ஒரு ஜன்னல் திறந்து மற்றது மூடியிருந்தால் கால் தானாக ஆடும். எழுந்துபோய்ச் சரிசெய்த பிறகுதான் மூச்சு வரும். முதியோர் இல்லத்து நர்ஸுக்கு அது நல்ல குணம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போர்வை, டம்ளர், சீப்பு எல்லாம் ஒன்றுபோல ஆயின. மிச்சம் இருந்தது மாத்திரைதான்.

டிரைவர் ஐயாவுக்கு இதயத்துக்காகக் காலையில் ஐந்து. டெய்லரம்மாவுக்கு வலிப்புக்காக இரண்டு. டீச்சரம்மாவுக்கு வெறும் சத்து மாத்திரை, சிவப்பாக ஒன்று. அந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஒருநாள் அழுதுவிட்டார்.

"அவருக்கு அஞ்சு, எனக்கு ஒண்ணா? என்னைக் கேக்க நாதியில்லைன்னுதானே?"

"உங்களுக்கு வியாதி எதுவும் இல்லைம்மா."

"வியாதி இருந்தாத்தான் கவனிப்பீங்களா?"

அந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. கிண்ணங்களை அடுக்குவேன், கலைப்பேன், மறுபடி அடுக்குவேன். ஒன்றில் ஐந்து, ஒன்றில் இரண்டு, ஒன்றில் ஒன்று. கை நமநமக்கும். மூன்றாம் நாள் காலை எட்டுக் கிண்ணத்திலும் ஒரே ஒரு சிவப்பு மாத்திரை போட்டேன். மற்றவற்றைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டேன்.

டிரைவர் ஐயா மட்டும் கிண்ணத்தைக் குலுக்கிப் பார்த்தார். "என்ன சிஸ்டர், ஒண்ணுதான் இருக்கு?"

"தேறிட்டீங்க ஐயா," என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். உடனே மகனுக்கு ஃபோன் போட்டுச் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் அதே ஒன்றுதான். பதினெட்டாம் நாள் ஐயா போய்விட்டார். எழுபத்தொன்பது வயது என்பதால் டாக்டர் அதிகம் கேட்கவில்லை. வரிசையில் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஏழு கட்டில்களையும் சம தூரத்தில் நகர்த்திப் போட்டேன்.

அடுத்த வாரம் டெய்லரம்மா. அவர் மகள் ஓடி வந்தாள்.

"பத்து வருஷமா வலிப்பே வந்ததில்லையே சிஸ்டர். மாத்திரை குடுத்தீங்கதானே?"

"எல்லாருக்கும் குடுத்ததைத்தான் குடுத்தேன்."

அதில் பொய் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம். பக்கத்துக் கட்டிலில் இருந்த டீச்சரம்மாதான் அவளுக்கு ஆறுதல் சொல்ல வந்தார். "உங்க அம்மா கடைசி வரைக்கும் நிம்மதியா இருந்தாங்கம்மா. இப்பல்லாம் எங்களுக்குள்ள வித்தியாசமே கிடையாது. எல்லாருக்கும் ஒரே சிவப்பு மாத்திரைதான்."

மகள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

தெரியாமல் செய்தேனா என்று கேட்கிறீர்கள். பத்தொன்பது வருட நர்ஸ் நான். எந்த மாத்திரையை நிறுத்தினால் யாருக்கு என்ன ஆகும் என்று தெரியும். தெரிந்துதான் நிறுத்தினேன். ஆனால் ஒருவருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை.

எனக்கும் ரத்த அழுத்தம் இருப்பது உங்கள் காகிதத்தில் இருக்கிறது போல. ஆமாம், என் மாத்திரைகள் மூன்றையும் ஒரு வேளைகூட விட்டதில்லை. அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி நன்றாக இருக்க வேண்டாமா?